ஸ்டாட் தரும் எண்ணை எப்படிப் படிப்பது

வடபழனி, சாலிகிராமம் பக்கம் போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுப்பவர்களிடம் அடிக்கடி வரும் வேலை இது. ஷூட்டிங்கிலிருந்து வந்த கார்டில் உள்ளதெல்லாம் சர்வருக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா? சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம்? எந்த ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது? பைத்தான் தெரிந்தவருக்கு அரை நாள் வேலைதான் என்று தோன்றும். எழுதியவரின் லேப்டாப்பில் அழகாக ஓடவும் செய்யும். ஆனால் கார்டில் உள்ள ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) எக்ஸ்ஃபேட், எடிட்டர் உட்காரும் மெஷின் மேக், சர்வர் லினக்ஸ், கிளையண்ட்டுக்குக் கொடுத்தனுப்புவது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய யூஎஸ்பி டிஸ்க். இந்த நாலையும் ஒரே ஸ்கிரிப்ட் தொட ஆரம்பித்ததும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

காரணம் எளிது. பைத்தான் தானாக எதையும் அளப்பதில்லை. ஓஎஸ்ஸின் மையமான கர்னலிடம் கேட்டு வாங்கித் தருகிறது. கர்னலோ அந்தந்த ஃபைல் சிஸ்டத்தின் டிரைவரிடம் கேட்கிறது. அதனால் ஒரே பெயரில் வரும் எண்ணுக்கு டிஸ்க்குக்கு டிஸ்க் அர்த்தம் மாறும். எது எங்கே மாறும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெயர்களெல்லாம் பைத்தானுடையவை. கோ, ரஸ்ட், சி எதில் எழுதினாலும் அடியில் ஓடுவது கர்னலிடம் கேட்கும் அதே சிஸ்டம் கால்கள்தான்.

சைஸில் ஆரம்பிக்கலாம்

ஓஎஸ் மாட்யூலின் ஸ்டாட் ஃபங்ஷனிடம் ஒரு பாதையைக் கொடுத்தால் பத்து அடிப்படை விவரங்கள் வரும்: மோடு, ஐநோடு (ஃபைலின் விவரங்களை டிஸ்க்கில் வைத்திருக்கும் பதிவு) எண், டிவைஸ் எண், ஹார்டு லிங்க் (அந்த ஃபைலுக்குள்ள பெயர்கள்) எண்ணிக்கை, யூசர், குரூப், சைஸ், மூன்று நேரங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் கூடவே பிளாக் கணக்கும் வரும். பாத்லிப் பிடித்தவர்கள் பாத் ஆப்ஜெக்டிலிருந்து ஸ்டாட்டைக் கூப்பிடலாம், கிடைப்பது அதே ஆப்ஜெக்ட்.

ஒரு ஃபைலை ஸ்டாட் செய்ய அந்த ஃபைலைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. ஆனால் அதுவரை போகும் வழியிலுள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் எக்ஸிக்யூட் பிட் இருக்க வேண்டும். டைரக்டரியில் ரீட் மட்டும் இருந்து எக்ஸிக்யூட் இல்லையென்றால் லிஸ்ட்டில் பெயர்கள் வந்துவிடும், ஸ்டாட் செய்தால் பெர்மிஷன் எரர் வரும். ‘பெயர் தெரிகிறது, சைஸ் மட்டும் வரவில்லை’ என்று யாராவது கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஓஎஸ்.பாத்தில் உள்ள எக்ஸிஸ்ட்ஸ் இன்னும் மோசம். வழியில் அனுமதி மறுக்கப்பட்டாலும் ஃபால்ஸ் என்றே சொல்லும். ஃபைல் இல்லையா, பார்க்க முடியவில்லையா என்ற வித்தியாசம் முக்கியமான இடங்களில் நேரடியாக ஸ்டாட் செய்து எந்த எக்ஸெப்ஷன் வருகிறது என்று பாருங்கள்.

எஸ்டி_சைஸ் என்பது ஃபைலைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை படித்தால் எத்தனை பைட் வரும் என்பது. டிஸ்க்கில் அது பிடித்திருக்கும் இடம் எஸ்டி_பிளாக்ஸை 512-ஆல் பெருக்கினால் வரும். இந்த 512-ல்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பக்கத்திலேயே எஸ்டி_பிஎல்கேசைஸ் என்று ஒன்று 4096 காட்டிக்கொண்டு இருப்பதால் அதை எடுத்துப் பெருக்கிவிடுகிறார்கள். அது படிக்க, எழுத எந்த அளவு துண்டு வசதி என்று ஃபைல் சிஸ்டம் தரும் யோசனை மட்டுமே. லினக்ஸில் எஸ்டி_பிளாக்ஸின் அலகு எப்போதும் 512 பைட்.

ஒரு ஃபிரேமை எடுத்துப் பார்ப்போம். ஃபிலிம் ஸ்கேனில் வரும் 2048க்கு 1556 அளவுள்ள 10 பிட் டிபிஎக்ஸ் ஃபிரேமில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். பெருக்கினால் 12,746,752. ஹெடர் 2048 பைட் என்று வைத்தால் எஸ்டி_சைஸ் 12,748,800. 4096 பைட் பிளாக்குள்ள இஎக்ஸ்டி4-ல் (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) இது 3112 பிளாக்கும் அரையும். அரை பிளாக் கிடையாது என்பதால் 3113 பிளாக், எஸ்டி_பிளாக்ஸில் 24,904. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 86,400 ஃபைல், மொத்தம் சுமார் 1.1 டெராபைட். ‘1 டிபி’ என்று பெட்டியில் போட்ட டிஸ்க்கில் இது அடங்காது. அந்த டிஸ்க்கையே 1024-ஆல் வகுத்துக் கணக்குப் பார்க்கும் மெஷின்கள் 931 ஜிபி என்று காட்டும். டிஸ்க் கம்பெனி பத்தின் அடுக்கில் சொல்கிறது, மெஷின் இரண்டின் அடுக்கில் சொல்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. உங்கள் ஸ்கிரிப்ட் எந்தக் கணக்கில் காட்டுகிறது என்பதை அவுட்புட்டிலேயே எழுதிவிடுங்கள், நாலு ஃபோன் கால் குறையும்.

கம்பிரஸ் செய்யாத டிபிஎக்ஸ் வரிசையில் இன்னொரு வசதி உண்டு. ஒரே ஷாட்டின் எல்லா ஃபிரேமும் பைட் பிசகாமல் ஒரே சைஸில் இருக்க வேண்டும். ஃபோல்டரில் உள்ள எஸ்டி_சைஸ்களை கலெக்‌ஷன்ஸ் மாட்யூலின் கவுண்ட்டரில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு சைஸ் வந்தால் நல்லது. இரண்டு சைஸ் வந்து, அதில் ஒன்று ஒரே ஒரு ஃபைலுக்கு மட்டும் என்றால் அந்த ஃபிரேம் பாதியில் நின்றிருக்கிறது. ஹேஷ் (உள்ளடக்கம் முழுவதையும் படித்துப் போடும் சரிபார்ப்பு எண்) போட மணிக்கணக்கில் காத்திருப்பதற்கு முன்பே, சில நொடியில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சைஸும் பிளாக்கும் இரண்டு பக்கமும் விலகும். காலிப் பகுதிகளை டிஸ்க்கில் எழுதாமல் விடும் ஸ்பார்ஸ் ஃபைலில் எஸ்டி_சைஸ் 100 ஜிபி இருக்கும், பிளாக் கொஞ்சம்தான் இருக்கும். விர்ச்சுவல் மெஷின் இமேஜ்கள் பெரும்பாலும் இப்படித்தான். அதற்கு நேர்மாறாக எக்ஸ்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் எழுதிக்கொண்டே இருக்கும் ஃபைலுக்கு, இன்னும் வளரும் என்று ஊகித்து, முன்கூட்டியே இடம் ஒதுக்குவார்கள். அப்போது பிளாக் கணக்கு சைஸைத் தாண்டி நிற்கும், பிறகு தானாகக் குறையும். மேக்கின் ஏபிஎஃப்எஸ்-ல் குளோன் செய்த ஃபைலும், லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்-ல் ரெஃப்லிங்க் போட்ட ஃபைலும் ஒரே பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் ஸ்டாட் இரண்டுக்கும் முழு எண்ணையே சொல்லும். ஆகவே ஃபோல்டர்களின் கூட்டுத்தொகை டிஸ்க்கின் கொள்ளளவைவிட அதிகமாக வந்தால் பதற வேண்டாம்.

ஹார்டு லிங்க்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டு தடவை கூட்டிவிடுவோம். எஸ்டி_என்லிங்க் 1-ஐத் தாண்டிய ஃபைல்களுக்கு மட்டும் எஸ்டி_டெவ், எஸ்டி_ஐஎன்ஓ இரண்டையும் சேர்த்து ஒரு செட்டில் போட்டு, ஏற்கெனவே வந்ததா என்று பார்த்தால் போதும். ஐநோடு எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. வேறு டிஸ்க்கில் அதே எண் வேறு ஃபைலுக்கு இருக்கும்.

நேரம்தான் அதிகம் படுத்தும்

எஸ்டி_எம்டைம் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். எஸ்டி_சிடைம் என்பதில் உள்ள சி ‘கிரியேட்’ என்று நினைத்துக்கொண்டு எழுதிய கோடு எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் அது ஐநோடு கடைசியாக மாறிய நேரம். சிமோடு போட்டாலும், ஓனரை மாற்றினாலும், ஹார்டு லிங்க் போட்டாலும் அது நகரும். விண்டோஸில் மட்டும் பைத்தான் நீண்ட காலமாக அங்கே உருவான நேரத்தை வைத்துக் கொடுத்துவந்தது. 3.12-லிருந்து அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லி, எஸ்டி_பர்த்டைம் என்ற தனிப் பெயரை விண்டோஸுக்கும் கொடுத்திருக்கிறார்கள். மேக்கில் எஸ்டி_பர்த்டைம் முன்பே உண்டு. லினக்ஸில் ஓஎஸ்.ஸ்டாட் அடியில் கூப்பிடும் பழைய சிஸ்டம் காலில் பிறந்த நேரத்துக்கு இடமே இல்லை. இஎக்ஸ்டி4 அதை டிஸ்க்கில் எழுதி வைத்திருந்தாலும் 2017-ல் 4.11 கர்னலோடு வந்த ஸ்டாட்எக்ஸ் வழியாகத்தான் வெளியே எடுக்க முடியும். அப்படியே எடுத்தாலும் அது இந்தக் காப்பி இந்த டிஸ்க்கில் பிறந்த நேரம். கேமராவில் ஷூட் செய்த நேரம் வேண்டுமென்றால் ஃபைலுக்குள் இருக்கும் டைம்கோடையும் மெட்டாடேட்டாவையும் படிக்க வேண்டும்.

சிடைமுக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. எம்டைமை யார் வேண்டுமானாலும் யூடைம் கொண்டு பின்தேதியிடலாம், சிடைமை அப்படி வைக்க முடியாது. சைஸும் எம்டைமும் அப்படியே இருக்க, சிடைம் மட்டும் நகர்ந்திருந்தால் அந்த ஃபைலை மறுபடி ஹேஷ் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரமான ஏடைமை நம்பி ‘ஆறு மாதமாக யாரும் திறக்காத ஃபைல்’ லிஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். லினக்ஸில் 2009-ல் வந்த 2.6.30 கர்னலிலிருந்து ரெல்ஏடைம்தான் இயல்புநிலை. பழைய ஏடைம் எம்டைமுக்கோ சிடைமுக்கோ பின்தங்கியிருந்தால், அல்லது 24 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் மட்டுமே புதுப்பிக்கும். ஆறு மாதக் கணக்குக்கு இது போதும், மணிக்கணக்குக்கு ஆகாது. ஆனால் சர்வரில் ஏடைமைப் புதுப்பிக்காத நோஏடைம் ஆப்ஷன் போட்டு டிஸ்க்கை மவுண்ட் செய்திருந்தால் அந்த லிஸ்ட் முழுக்கத் தப்பு. அதை வைத்து டெலீட் செய்வதற்கு முன் மவுண்ட் ஆப்ஷனைப் பாருங்கள். இன்னொன்று, ராத்திரி ஓடும் பேக்கப்பும் ஃபைலைத் திறந்துதான் படிக்கிறது. அதுவும் ஏடைமை நகர்த்தும்.

காப்பி சரியாக வந்ததா என்று எம்டைமை ஒப்பிடும்போது மூன்று விஷயம் குறுக்கே வரும். முதலாவது, ஷுட்டில் மாட்யூலின் காப்பி எம்டைமைக் கொண்டுவராது, காப்பி2 கொண்டுவர முயலும். இரண்டாவது துல்லியம். ஃபேட்32-ல் எம்டைம் 2 வினாடிப் படிகளில்தான் நிற்கும். எக்ஸ்ஃபேட்டில் 10 மில்லிசெகண்ட், விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-ல் 100 நானோசெகண்ட், 256 பைட் ஐநோடு உள்ள இஎக்ஸ்டி4-ல் நானோசெகண்ட் வரை. இதில் எது குறுக்கே வந்தாலும் ‘சமமா’ என்ற கேள்விக்கு இல்லை என்றே பதில் வரும். ஆகவே வித்தியாசம் 2 வினாடிக்குள் இருந்தால் சரி என்று விடுங்கள். இரண்டு பக்கமும் இஎக்ஸ்டி4 என்றால் எஸ்டி_எம்டைம்_என்எஸ் என்ற முழு எண்ணை ஒப்பிடுங்கள். சாதா எஸ்டி_எம்டைம் ஃப்ளோட். இன்றைய தேதிக்கு அதில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே சுமார் 238 நானோசெகண்ட் இடைவெளி இருக்கும். கீழ் இலக்கங்கள் அங்கேயே தொலைந்துவிடும்.

மூன்றாவது நம்ம ஊர் நேரம். ஃபேட்32 உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதும், எந்த ஊர் நேரம் என்று எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஆஃப்செட்டுக்கு இடம் இருந்தாலும் எழுதுகிற சாதனம் அதை நிரப்பியிருக்க வேண்டும். கார்டிலும் சர்வரிலும் உள்ள நேரங்களைக் கழித்தால் சரியாக 19,800 வினாடி வருகிறதா? அது ஐந்தரை மணி நேரம். ஃபைலில் கோளாறு இல்லை, ஒரு பக்கம் இந்திய நேரம், மறுபக்கம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸில் விஃபேட்டை (ஃபேட் டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைத்த பெயர்) மவுண்ட் செய்யும்போது டைம் ஆஃப்செட் ஆப்ஷனைக் கொடுத்துச் சரி செய்யலாம்.

தேதியிலும் இதே ஐந்தரை மணி நேரம் விளையாடும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில்தான் ஓடும். ராத்திரி ஷூட்டிங்கில் 15-ஆம் தேதி ஒன்றரை மணிக்கு எழுதிய கிளிப், யூடிசியில் 14-ஆம் தேதி இரவு 8 மணி. தேதி வாரியாக ஃபோல்டர் பிரிக்கும் ஸ்கிரிப்ட் அதை முந்தைய நாள் ஃபோல்டரில் போட்டுவிடும். எடிட்டர் தேடிக்கொண்டே இருப்பார். எம்டைமைத் தேதியாக்கும்போது ஸோன்இன்ஃபோவில் ஏசியா/கொல்கத்தாவைச் சொல்லியே மாற்றுங்கள், மெஷினின் இயல்புநிலைக்கு விடாதீர்கள். பைத்தான் 3.9-லிருந்து ஸோன்இன்ஃபோ கூடவே வருகிறது. விண்டோஸில் மட்டும் டிஇசட்டேட்டா பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

டிஸ்க்கில் எவ்வளவு இடம்

ஷுட்டிலின் டிஸ்க்_யூசேஜ் மூன்று எண் தரும்: மொத்தம், பயன்படுத்தியது, மிச்சம். பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவது வராது. யாராவது பக் என்று டிக்கெட் போடுவார்கள். இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட் யூசருக்கு ஒதுக்கிவைக்கிறது. அந்த ஒதுக்கீடு மொத்தத்தில் இருக்கும், பயன்படுத்தியதிலும் இருக்காது, மிச்சத்திலும் இருக்காது. 8 டிபி டிஸ்க்கில் அது 400 ஜிபி. சிஸ்டம் ஓடும் டிஸ்க்கில் இந்த ஒதுக்கீடு உயிர்காக்கும். வெறும் ஃபுட்டேஜ் மட்டும் வைக்கும் டிஸ்க்கில் டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 சதவீதமாகக் குறைத்துவிடுவேன். சதவீதம் காட்ட வேண்டுமென்றால், பயன்படுத்தியதை மொத்தத்தால் வகுக்காமல், பயன்படுத்தியது மிச்சம் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். டிஎஃப் கட்டளை அப்படித்தான் செய்கிறது, அதோடு பின்னத்தை மேல்நோக்கி முழு எண்ணாக்குகிறது.

இன்னும் விவரம் வேண்டுமானால் ஸ்டாட்விஎஃப்எஸ். அதில் பிளாக் எண்ணிக்கையை எஃப்_எஃப்ஆர்சைஸால் பெருக்க வேண்டும். எஃப்_பிசைஸால் பெருக்கினாலும் லினக்ஸில் பெரும்பாலும் சரியான விடையே வரும், ஏனென்றால் இரண்டும் 4096. அதனால்தான் இந்தத் தப்பு டெஸ்ட்டில் தெரியாமல் தப்பிக்கிறது. மேக்கில் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கில் எஃப்_பிசைஸ் 1,048,576, எஃப்_எஃப்ஆர்சைஸ் 4096. 256 மடங்கு இடம் இருப்பதாகச் சொல்லிவிடும். மேக்கில் இன்னொரு குழியும் உண்டு. அங்கே சிஸ்டத்தின் ஸ்டாட்விஎஃப்எஸ் தரும் பிளாக் எண்ணிக்கைக்கு 32 பிட் மட்டுமே, பழைய பைத்தான் பதிப்புகள் அதை அப்படியே தரும். அலகு 4096 பைட் என்றால் 16 டெபிபைட் (1024-ன் அடுக்கில் எண்ணும் டெராபைட்) தாண்டியதும், அலகு 1024 என்றால் 4 டெபிபைட் தாண்டியதும், எண் சுற்றிக்கொண்டு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பெரிய நாஸ் (நெட்வொர்க் டிஸ்க்) ஒன்றை மேக்கில் மவுண்ட் செய்துவிட்டு, பாதி காலியாக இருந்தும் ‘இடம் இல்லை’ என்று ஸ்கிரிப்ட் மறுத்தால் இங்கே பாருங்கள். அந்தக் கேள்வியை சர்வரிலேயே ஓடும் ஸ்கிரிப்ட்டிடம் கேட்டுவிடுவதுதான் சுலபம். ஏபிஎஃப்எஸ்-ல் ஒரே கண்டெய்னரில் உள்ள வால்யூம்கள் காலி இடத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொன்றின் மிச்சத்தையும் கூட்டவும் கூடாது.

எழுதும்போது எரர் எண் 28, அதாவது ‘டிஸ்க்கில் இடம் இல்லை’ என்று வருகிறது, டிஸ்க்_யூசேஜ் 60 ஜிபி மிச்சம் என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஐநோடு தீர்ந்திருக்கும். இஎக்ஸ்டி4-ல் எத்தனை ஐநோடு என்பது ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிறது, இயல்பாக 16,384 பைட்டுக்கு ஒன்று. 20 ஜிபிபைட் பார்ட்டிஷனில் 13,10,720. தம்ப்நெயில், கேஷ், மெயில் க்யூ என்று குட்டிக்குட்டி ஃபைல்கள் சேரும் இடத்தில் இது தீரும். மிச்சமுள்ள ஐநோடு எண்ணிக்கையான எஃப்_எஃப்அவெயிலையும் கண்காணிப்பில் சேருங்கள். சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை: பிடிஆர்எஃப்எஸ், விஃபேட் இரண்டிலும் மொத்த ஐநோடு எண்ணிக்கையான எஃப்_ஃபைல்ஸ் பூஜ்யம். சதவீதம் கணக்குப் போட்டால் பூஜ்யத்தால் வகுத்த எரரில் ஸ்கிரிப்ட் விழும். பூஜ்யம் வந்தால் ‘இங்கே வரம்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எஃப்எஸ் ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்குவதால் அங்கே மொத்த எண்ணே மாறிக்கொண்டிருக்கும்.

டெலீட் செய்த பின்னும் இடம் திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் அந்த ஃபைல் வராது, ஸ்டாட்விஎஃப்எஸ்-ல் அதன் இடம் போயிருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் டெலீட்டட் என்று தேடினால் பிடித்துவிடலாம்.

எந்த வகை ஃபைல் சிஸ்டம் என்பதைப் பைத்தானின் ஸ்டாட்விஎஃப்எஸ் சொல்வதில்லை. பிஎஸ்யூட்டில் லைப்ரரியின் டிஸ்க்_பார்ட்டிஷன்ஸ் சொல்லும். மேலே சொன்ன விதிகளெல்லாம் வகையைப் பொறுத்தவை என்பதால், லாகில் எழுதும் முதல் வரியில் இரண்டு பக்கத்தின் வகையையும் எழுதிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள்

இஎக்ஸ்டி4-ல் ஒரு பெயருக்கு வரம்பு 255 பைட். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. ‘சென்னை’ கண்ணுக்கு மூன்று எழுத்து, டிஸ்க்கில் ஆறு குறியீடு, 18 பைட். ஆக 85 குறியீட்டுக்கு மேல் பெயர் வைக்க முடியாது. என்டிஎஃப்எஸ்-ல் வரம்பு 255 யூடிஎஃப்-16 அலகு, தமிழில் ஒரு குறியீட்டுக்கு ஒரு அலகு. அதனால் விண்டோஸில் நன்றாக இருந்த நீளமான சீன் பெயர், லினக்ஸ் சர்வருக்குக் காப்பி ஆகும்போது எரர் எண் 36 கொடுக்கும். காப்பி தொடங்குவதற்கு முன்பே, ஓஎஸ்.எஃப்எஸ்என்கோட் போட்டு நீளத்தை அளந்து, இலக்கில் எஃப்_நேம்மேக்ஸோடு ஒப்பிட்டுவிடலாம்.

இதைவிடத் தொல்லை, ஒன்றுபோலவே தெரியும் இரண்டு பெயர்கள். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ‘கோயம்பேடு’ சேர்ந்த வடிவில் 9 குறியீடு, 27 பைட். பிரிந்த வடிவில் 10 குறியீடு, 30 பைட். பழைய மேக் டிஸ்க்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் பைட்டை மட்டும் பார்ப்பதால் அதற்கு இவை இரண்டு வேறு ஃபைல்கள். மேக் டிஸ்க்கிலிருந்து வந்த ‘கோயம்பேடு_சீன்_12’ திரையில் கண்ணெதிரே நிற்கும், கீபோர்டில் அடித்துத் தேடினால் ‘இல்லை’ என்று வரும். யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் கொண்டு இரண்டு பக்கப் பெயரையும் என்எஃப்சி (சேர்ந்த) வடிவுக்கு மாற்றி, அதை ஒப்பிடும் சாவியாக வையுங்கள். ஃபைலைத் திறக்கும்போது மட்டும் டிஸ்க் கொடுத்த மூலப் பெயரையே பயன்படுத்துங்கள். மாற்றிய பெயரில் திறந்தால் மறுபடி ‘இல்லை’தான். ‘கௌரி’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருந்தால் நார்மலைஸுக்கு அது தெரியாது. அது வேறு எழுத்து. அதற்குக் கையால் ஒரு விதி எழுத வேண்டும்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து வந்த டாம், டாப் என்ற யூனிகோடு அல்லாத குறியீட்டுக் காலத்துப் பெயர்கள் பழைய ஆர்க்கைவ்களில் இன்னும் உண்டு. லினக்ஸில் அவை வெறும் பைட்டுகளாகக் கிடந்தால் யூடிஎஃப்-8-ஆகப் படியாது. பைத்தான் அவற்றை சரகேட் என்ற மாற்றுக் குறியீடுகளாக மறைத்து வைத்து ஒப்படைக்கும். திறக்க, ஸ்டாட் செய்ய எல்லாம் சரியாக வேலை செய்யும். லாகில் பிரிண்ட் செய்யும் வரியில்தான் யூனிகோட் என்கோட் எரர் வந்து நிற்கும். பிரிண்ட் செய்வதற்கு முன் பேக்ஸ்லாஷ்ரீப்ளேஸ் போட்டு என்கோட் செய்துவிடுங்கள்.

ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால்

லிஸ்ட்டிர் போட்டு ஒவ்வொன்றுக்கும் இஸ்டிர் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். பைத்தான் 3.5-ல் வந்த ஸ்கேன்டிர், டைரக்டரியைப் படிக்கும்போதே கர்னல் கூடவே கொடுக்கும் வகைக் குறிப்பைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்கிறது. அதனால் ஃபோல்டரா ஃபைலா என்று கேட்க, பெரும்பாலும் தனி சிஸ்டம் கால் வேண்டாம். இதைப் பயன்படுத்தியதால் ஓஎஸ்.வாக் விண்டோஸில் 8, 9 மடங்கும், லினக்ஸ் வகையில் 2, 3 மடங்கும் வேகமானதாக அதை முன்மொழிந்த பெப் 471 சொல்கிறது. சைஸ் வேண்டுமென்றால் லினக்ஸில் ஒரு ஸ்டாட் ஆகியே தீரும். நெட்வொர்க் டிஸ்க்கில் ஒரு ஸ்டாட்டுக்கு 1 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 86,400 ஃபிரேமுக்கு ஒன்றரை நிமிடம். ஆகவே ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு தடவை ஸ்டாட் செய்து, கிடைத்த ஆப்ஜெக்டை வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் அதிலிருந்தே பதில் எடுங்கள். கெட்சைஸ், கெட்எம்டைம், இஸ்ஃபைல் என்று தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாட்.

விண்டோஸில் ஸ்கேன்டிர் தரும் ஸ்டாட் இலவசம், ஆனால் அதில் ஐநோடு, டிவைஸ், லிங்க் எண்ணிக்கை மூன்றும் பூஜ்யமாகவே வரும். ஹார்டு லிங்க் கணக்கு வேண்டுமென்றால் அங்கே ஓஎஸ்.ஸ்டாட்டைத் தனியாகக் கூப்பிட வேண்டும்.

ஃபோல்டருக்குள் இறங்கும்போது வேறு பாதையைச் சுட்டும் சிம்லிங்க்கைப் பின்தொடராதீர்கள், ஃபாலோ_சிம்லிங்க்ஸை ஃபால்ஸ் என்று கொடுங்கள். லிங்க் தன் மேல் ஃபோல்டரையே சுட்டினால் சுற்றிச்சுற்றி வரும். உடைந்த லிங்க் லிஸ்ட்டில் இருக்கும், ஸ்டாட் செய்தால் ‘ஃபைல் இல்லை’ என்று எக்ஸெப்ஷன் வரும். அதே எக்ஸெப்ஷன், லிஸ்ட் எடுத்ததற்கும் ஸ்டாட் செய்வதற்கும் நடுவே யாராவது டெலீட் செய்தாலும் வரும். ஒரு ஃபைலுக்கு வந்த எரரில் முழு ஸ்கேனும் சாகக் கூடாது. பிடித்து, குறித்து வைத்து, அடுத்ததற்குப் போகட்டும். ரூட் டைரக்டரியிலிருந்து ஸ்கேன் ஓட்டினால் எஸ்டி_டெவ் மாறும் இடத்தில் நின்றுவிடுங்கள். இல்லாவிட்டால் கர்னலின் விவரங்களை ஃபைல்போலக் காட்டும் பிராக் டைரக்டரிக்குள் போய், சைஸ் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டு படித்தால் பக்கம் பக்கமாக வரும் ஃபைல்களையும், டெராபைட் கணக்கில் சைஸ் காட்டும் கேகோரையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

காப்பி முடிந்ததா

‘ஐந்து நொடி இடைவெளியில் இரண்டு தடவை சைஸ் பார், மாறவில்லையென்றால் முடிந்தது’ என்ற வழியை நம்ப வேண்டாம். சில டவுன்லோடு, டிரான்ஸ்ஃபர் புரோகிராம்கள் ஆரம்பத்திலேயே முழு அளவுக்கு இடம் ஒதுக்கிவிடும். முதல் நொடியிலேயே எஸ்டி_சைஸ் முழு எண், பிளாக்கும் முழு எண், உள்ளே பூஜ்யங்கள். நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் என்எஃப்எஸ்-ல் நிலைமை வேறு விதம். சர்வரிடம் கேட்கும் மெஷின் ஃபைல் விவரங்களை இயல்பாக 3-லிருந்து 60 வினாடி வரை கேஷில் வைத்திருக்கும். நீங்கள் இரண்டு தடவை பார்த்ததும் ஒரே பழைய பதிலாக இருக்கலாம்.

சரியான வழி, எழுதுகிறவரே முடிந்ததைத் தெரிவிப்பது. இலக்கு ஃபோல்டரிலேயே வேறு பெயரில், பார்ட் என்ற ஒட்டோடு எழுதி, ஃப்ளஷ் செய்து, எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லி), கடைசியில் ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு உண்மைப் பெயரை வையுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே வெட்டில் நடக்கும், உண்மைப் பெயர் தெரிந்தால் ஃபைல் முழுசு. தற்காலிக ஃபைலை டிஎம்பி டைரக்டரியில் வைத்தால் அது வேறு டிஸ்க்காக இருக்கும்போது ரீப்ளேஸ் எரர் எண் 18-ல் தோற்கும்.

படிக்கிற பக்கம் முதலில் ஃபைலைத் திறந்து, கையில் இருக்கும் டிஸ்கிரிப்டரில் எஃப்ஸ்டாட் செய்து, பிறகு ஹேஷ் போட்டு, முடிந்ததும் மறுபடி எஃப்ஸ்டாட் செய்யுங்கள். சைஸும் எம்டைம்_என்எஸ்ஸும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் அந்த ஹேஷை லாகில் எழுதலாம். பைத்தான் 3.11-லிருந்து ஹேஷ்லிப்பில் ஃபைல்_டைஜஸ்ட் இருக்கிறது, துண்டு துண்டாகப் படிக்கும் லூப்பை நாமே எழுத வேண்டியதில்லை.

யூஎஸ்பி டிஸ்க்குக்குக் காப்பி செய்த கையோடு அதே மெஷினில் ஹேஷ் போட்டால், ரேம் பெரிதாக இருக்கும் பட்சத்தில், படிப்பது டிஸ்க்கிலிருந்து அல்ல, ரேமில் உள்ள கர்னலின் பேஜ் கேஷிலிருந்து. கேபிள் கோளாறில் டிஸ்க்கில் தப்பாக எழுதப்பட்டிருந்தாலும் ஹேஷ் பொருந்தும். லினக்ஸில் எஃப்சிங்க்குக்குப் பிறகு ஓஎஸ்.போசிக்ஸ்_எஃப்அட்வைஸை டோன்ட்நீட் என்று கொடுத்து கேஷை விடச் சொல்லலாம். அது வேண்டுகோள்தான், கட்டாயம் கிடையாது. கிளையண்ட் கைக்குப் போகும் டிஸ்க் என்றால் அன்மவுண்ட் செய்து, கழற்றி, மறுபடி மாட்டி, ரீட்ஒன்லியாக மவுண்ட் செய்துவிட்டு ஹேஷை ஓட்டுங்கள். ரீட்ஒன்லியாக இருக்கும்போது ஏடைம்கூட மாறாது.